2.18 சத்தம் நின்றது

மார்ச் 3

அண்ணிக்கு,

பதினொரு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமலே அலமாரி மேல் போட்டுவிடுவீர்கள். அதனால்தான் கவரின் வெளியிலேயே ‘அண்ணன் ரேடியோ விஷயம்’ என்று எழுதினேன்.

அண்ணன் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. அவருடைய அழைப்புக் குறி, அதாவது உரிமத்தோடு அரசாங்கம் கொடுத்த அந்த ஆறு எழுத்து, இந்த உலகத்தில் அவர் ஒருவருக்கு மட்டுமே உரியது. அது போன மாதம் பதினேழாம் தேதியிலிருந்து மறுபடியும் காற்றில் வருகிறது. மதியம் இரண்டு மணிக்கு, நாங்கள் வழக்கமாகப் பேசும் அதே அலைவரிசையில், புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸில். முதலில் அவர் குறி. பிறகு என் குறி. பிறகு ஆங்கில எழுத்தில் தமிழ்: இருக்கியா.

அவர் தினமும் அப்படித்தான் ஆரம்பிப்பார். ஆமாம், நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம். இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

என் காது பரிசோதனை வேலை உங்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கூண்டில் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, “பீப் கேட்டா பொத்தானை அழுத்துங்க” என்று சொல்வது. என் ரேடியோ செட்டும் அங்கேயே பின்னறையில்தான் இருக்கிறது. சத்தமே வராதபோதும் நல்ல பிள்ளையாக அழுத்துகிறவர்களை தினமும் பார்க்கிறேன். அதனால் முதல் மூன்று நாள் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். நாலாம் நாள் பதிவு செய்தேன். பதிவில் இருக்கிறது.

பதில் அனுப்பினேன். யார் என்று கேட்டேன். நான் கேட்டது காதிலேயே விழாததுபோல மறுபடி அதே: இருக்கியா.

அண்ணன் செட்டை யாருக்குக் கொடுத்தீர்கள்? இறந்தவர் குறியை இன்னொருவர் தட்டுவது குற்றம். எங்கள் ரேடியோ சங்கத்தில் யாராவது கேட்டால் அன்றே அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டுவிடுவார்கள். நான் இன்னும் சொல்லவில்லை. காரணம் அந்தக் கை. பேசும் குரல்போலத் தட்டும் கைக்கும் ஒரு நடை உண்டு. லேத்தில் நடுவிரல் நுனி போனதிலிருந்து அண்ணன் ஒவ்வொரு சொல்லின் கடைசிக் கோட்டையும் கொஞ்சம் இழுத்து விடுவார், நொண்டியடிப்பதுபோல. இந்த ஆளும் இழுக்கிறார்.

எழுதுங்கள். ஒரு வரி போதும்.

சிட்டு


மார்ச் 11

சிட்டுவுக்கு,

ஆண்டவன் அருளால் நான் நன்றாகவே இருக்கிறேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

செட்டை யாருக்கும் கொடுக்கவில்லை. அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கும் அதே அறையில், அதே மேஜையில், என் பழைய புடவைத் துண்டைப் போர்த்தி வைத்திருக்கிறேன். வேற்று ஆள் யாரும் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. இது சத்தியம். கும்பிட்டுவிட்டு வந்துதான் எழுதுகிறேன், பொய் வராது.

நீங்கள் பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது என்று நீ இத்தனை நாள் நினைத்திருந்தால், நினைத்துக்கொள்.

நீ இந்த வீட்டை விட்டுப் போன அன்றைக்கு நடந்ததை நான் மறக்கவில்லை. ஈரப் போர்வையை உங்கள் ரேடியோக் கம்பியில் காயப்போட்டது என் தப்புதான். ஜன்னலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் இழுத்துக் கட்டிய கம்பியைப் பார்த்தால், வீட்டில் துணி துவைக்கிறவளுக்கு வேறு என்ன தோன்றும். அது அறுந்து விழுந்ததற்கு நீ என்ன சொன்னாய்? “அஞ்சாம் கிளாஸ் படிப்புக்கு இதெல்லாம் ஏறாது அண்ணி. நீங்க போய்த் துணியை உலர்த்துங்க.” உன் அண்ணன் சிரித்தார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு நான் கத்தியதும், நீ பெட்டியைத் தூக்கியதும் எல்லாருக்கும் தெரிந்த கதை.

இறந்த வீட்டுக்குத் தூரத்து உறவெல்லாம் வந்தது. பட்டறையிலிருந்து வந்தவர்கள் கை கழுவாமல்கூட வந்தார்கள். வரேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

உன் அண்ணி


மார்ச் 19

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ‘வேற்று ஆள் யாரும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சிலிண்டர் மாற்றிய தேதி, அவர் மாத்திரை தவறிய நாள், தண்ணீர் வந்த நேரம் என்று வீட்டில் நடக்கும் எல்லாவற்றையும் நோட்டில் குறிக்கிறவர் நீங்கள். ஒரு சொல்லைக் கவனக்குறைவாகப் போடமாட்டீர்கள்.

பதிமூன்றாம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு மணிக்கு வழக்கம்போல அழைப்பு. இரண்டு ஒன்பதுக்கு ‘இருக்’ வரைக்கும் வந்து, பாதிச் சொல்லில் நின்றது. நாலு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ‘கியா’ என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது.

பால் பொங்கியதா அண்ணி?

அண்ணன் முப்பது வருஷத்தில் ஒரு நாளும் அடுப்பைப் பார்ப்பதற்காகத் தட்டும் கீயை விட்டு எழுந்தவர் இல்லை. வீட்டுக்குள் திருடன் வந்தாலும் அழைப்பை முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார்.

அன்றைக்கு உங்களைக் கூப்பிட்டேன். உங்கள் பெயர் எனக்கு வாயில் வராது, அண்ணி நீங்களா என்றுதான் தட்டினேன், ஆறு தடவை. பதிலில்லை. அது நீங்கள் என்றால் எப்படிக் கற்றீர்கள்? நீங்கள் இல்லையென்றால் எனக்கு அதைவிடப் பயமாக இருக்கிறது. இரண்டு மணி ஆனால் என் கவனமெல்லாம் பின்னறைக்குப் போய்விடுகிறது. கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவர் “என்னம்மா, சத்தமே வரலியே” என்கிறார், நான் சத்தம் கொடுக்க மறந்துவிடுகிறேன்.

வரேன் என்று நான் எப்போது சொன்னேன்? அது எனக்கு விளங்கவில்லை. அதை விடுங்கள். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

சிட்டு


மார்ச் 27

சிட்டுவுக்கு,

பால்தான். பாதி கொட்டிவிட்டது.

நான்தான் தட்டுகிறேன். ஐந்தாம் வகுப்பு படித்தவள்.

நீ போன மறுவாரம் ஆரம்பித்தேன். அந்த அறைச் சுவரில் புள்ளியும் கோடும் அச்சடித்த அட்டை ஒன்று தொங்குமே, கூட்டித் துடைக்கும் சாக்கில் அதை ஒரு நாளைக்கு இரண்டு எழுத்தாக நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு காது. அவர் காலை ஷிப்ட் முடிந்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு உட்கார்ந்துவிடுவார். எதிர்ப்பக்கம் பேசுவது ஹெட்போனில் அவருக்கு மட்டும் கேட்கும். ஆனால் அவர் தட்டுவதற்கு, அவரே செய்த அந்தச் சின்னப் பெட்டி பீப் பீப் என்று வெளியிலேயே கத்தும். நடுவில் ஒரே ஒரு சுவர். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்பேன். முதல் முழுச் சொல் பிடிபட எட்டு மாதம் ஆயிற்று. என்ன சொல் தெரியுமா? ‘உப்பு.’ இன்னைக்கு உப்பு ஜாஸ்தி என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் குறைத்துப் போட்டேன். அதற்கு மறுநாள் உன்னிடம், ‘அவ மனசுல என்னமோ இருக்கு, சொல்லாமலே தெரியுது’ என்றார். அன்றைக்கு நான் அடுப்படியில் தனியாகச் சிரித்தேன்.

பத்து வருஷம் அப்படிப் போயிற்று. என்னிடம் சொல்லாததெல்லாம் உன்னிடம் சொன்னார். முழங்கால் வலி, மேஸ்திரி திட்டியது, நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தது. எனக்கு அவர் பேசுவது மட்டும் தெரியும், நீ பேசியது ஒன்றுகூடத் தெரியாது. ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். “யார்கூடவோ பேச இவ்வளவு பாடா? ஃபோன் இருக்கே?” அதற்கு அவர், “ஃபோன்ல எடுக்கலேன்னா மனுஷன் மேல கோபம் வரும். இதுல கிடைக்கலேன்னா வானத்து மேல பழியைப் போட்டுட்டுச் சாப்பிட வந்துடலாம்” என்றார். சண்டை போட்டவர்களுக்கு ஏன் இந்தப் பெட்டி பிடிக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கையை இழுக்கிறேன் என்கிறாய். எனக்குத் தெரிந்த மோர்ஸ் அவருடையது மட்டும்தான். அதில் எது எழுத்து, எது அவர் விரல் என்று நான் எப்படிப் பிரிப்பேன்?

இனிமேல்தான் நான் கேட்க வேண்டியது வருகிறது. தட்டும் சத்தம் நின்றால் அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். நீ பேசுகிறாய் என்று அர்த்தம். பத்து வருஷமும் அப்படித்தான். அன்றைக்கும் சத்தம் நின்றது. என் நோட்டில் இருக்கிறது: ‘2.18 சத்தம் நின்றது. 2.45 உள்ளே போனேன்.’ இருபத்தேழு நிமிடம். கேட்டுக்கொண்டிருக்கிறார், நாத்தனார் நீளமாகப் பேசுகிறாள் என்று நான் கேரட் சீவிக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தபோது மேஜையில் தலை சாய்ந்து கிடந்தது. ஹெட்போன் தலையிலேயே இருந்தது. டாக்டர் “உடனே போயிருக்கும்மா” என்றார். டாக்டர்கள் எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தாரா, இல்லை நான் காய் சீவிய நேரமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் உயிர் போய்க்கொண்டிருந்ததா? எதிர்ப்பக்கம் இருந்தவள் நீ. உனக்குத்தான் தெரியும். அதைக் கேட்கத்தான் கூப்பிட்டேன். கூப்பிட்டேனே தவிர அந்த ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்ள என் கை வரவில்லை. அதனால் நீ சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை. பதில் கேட்காமலே கூப்பிடுவது எனக்குப் புதிதில்லை. ஆண்டவனிடம் மூன்று வேளையும் அப்படித்தானே பேசுகிறேன்.

நீ எத்தனை மணிக்கு ஆரம்பித்தாய், எத்தனை மணிக்கு முடித்தாய், எழுது. என் அடுப்படிக் கடிகாரம் ஐந்து நிமிடம் வேகம். அதைக் கழித்துக்கொள்.

உன் அண்ணி


ஏப்ரல் 4

அண்ணி,

பதிவேடு எங்களுக்கு வேதம் மாதிரி. யாரிடம் பேசினோம், எப்போது ஆரம்பம், எப்போது முடிவு, சத்தம் எப்படி இருந்தது, எல்லாம் எழுதியே ஆக வேண்டும். அன்றைய வரியைப் பதினாலு மாதமாக நான் புரட்டவில்லை. நேற்றுப் புரட்டினேன்.

அவர் முடித்தது 2.13. உங்கள் கடிகாரத்தில் ஐந்தைக் கழித்தால் அதே நேரம்தான். நான் 2.14க்கு ஆரம்பித்தேன். 2.25க்கு முடித்தேன். பதினொரு நிமிடம். பிறகு பதிலுக்குக் காத்திருக்கவில்லை, சுவிட்சை அணைத்துவிட்டேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் கேட்டது இதுதான்: ‘பத்து வருஷம் ஆச்சு. வந்துடு. அவகிட்ட நான் சொல்றேன்.’ அதற்கு நான் பதினொரு நிமிடம் பதில் அனுப்பினேன். முடியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். மீதி நேரமெல்லாம் என் வாயிலிருந்து, இல்லை, கையிலிருந்து வந்ததை நான் உங்களுக்கு எழுதப்போவதில்லை. உங்களைப் பற்றியும் இருந்தது. கடைசியில், ‘நீயும் செத்தவன் மாதிரிதான் அந்த அறையில உக்காந்திருக்கே, என்னை இனிமே கூப்பிடாதே’ என்றேன். அப்படியே அணைத்தேன்.

மறுநாள் அவர் வரவில்லை. கோபம் என்று நினைத்தேன். அதற்கு மறுநாள் தகவல் வந்தது. எந்த நாள், எந்த நேரம் என்று கேட்டேன். கேட்ட பிறகு பஸ் நிலையம் வரைக்கும் போய், டிக்கெட் வாங்கி, பஸ் கிளம்புவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எந்த முகத்தோடு உங்கள் வாசலில் நிற்பேன். நான் வராததற்குக் காரணம் இதுதான், வேறில்லை.

பட்டறையில் பக்கத்து ஆளிடம் பேசக்கூடக் கத்த வேண்டும் என்பார். அந்த இரைச்சலில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, கொசு பறக்கிற அளவு சத்தத்தை எங்கிருந்தோ பிடித்து எழுத்து எழுத்தாகக் கோப்பதுதான் அவருக்குச் சுகம். அப்படிக் காதைத் தீட்டி வைத்திருந்த மனிதருக்கு நான் எதைக் கொடுத்தேன் பாருங்கள்.

அவர் கேட்பதைத் தலையில் வைத்துக்கொள்ள மாட்டார். பென்சிலால் தாளில் எழுதிக்கொண்டே போவார். அன்றைய தாள் மேஜையில் இருந்திருக்கும். இருக்கிறதா? எந்த இடம் வரைக்கும் எழுதியிருக்கிறார்? நான் தட்டும் வேகம் எனக்குத் தெரியும், நிமிடத்துக்கு எழுபத்தைந்து எழுத்து. நின்ற இடம் தெரிந்தால் நேரம் தெரிந்துவிடும்.

முழுவதும் எழுதியிருந்தால், அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், நீங்கள் நினைத்தது சரி. ஆரம்பத்திலேயே நின்றிருந்தால், என் பேச்சு அவர் காதுக்குப் போகவில்லை. நம் இரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் நிம்மதி. யாருக்கு என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சிட்டு


ஏப்ரல் 12

சிட்டுவுக்கு,

தாள் என் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன்.

மூன்று வரிதான் இருக்கிறது. ‘அண்ணா நல்லா கேட்குது. நீ கேட்டதுக்குப் பதில் சொல்றேன்’ என்பதோடு நிற்கிறது. அதற்குப் பிறகு வெறும் தாள். நீ சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆகவே உன் பேச்சு ஒன்றும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. காவல்காரி அது இது என்று நீ கோபத்தில் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. அந்த ஒரு சொல்லால் என் உடம்பிலும் ஓட்டை விழாது. நீ சின்னப் பெண், அதற்குப் பிறகு எவ்வளவோ பட்டுவிட்டாய். இனிமேல் நிம்மதியாகத் தூங்கு. வேலையில் கவனமாக இரு, பாவம், அந்தக் கூண்டுக்குள் இருக்கிறவர்களுக்குச் சத்தம் கொடு.

என் பங்கை நான் பார்த்துக்கொள்கிறேன். இருபத்தாறு நிமிடத்தை ஆண்டவன் முன்னால் வைத்திருக்கிறேன். அவன் என்ன எழுதுகிறானோ எழுதட்டும்.

செட்டைப் பழையபடி மூடிவிட்டேன். இனி இரண்டு மணிக்கு உனக்குப் பயம் வேண்டாம்.

உன் அண்ணி


ஏப்ரல் 18

அண்ணி,

உங்கள் கடிதம் வந்த அன்று பதினாலு மாதத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து, பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது.

காவல்காரி.

‘நீ பொண்டாட்டியோட இல்ல, காவல்காரியோட குடும்பம் நடத்துறே.’ நான் அனுப்பியது அது. எட்டாவது நிமிடமோ ஒன்பதாவது நிமிடமோ. என் கடிதத்தில் அந்தச் சொல்லை எழுதவில்லை. திரும்ப நினைத்துப் பார்த்தேன், வேறு ஒரு மனிதரிடமும் சொன்னதில்லை. அது காற்றில் ஒரு முறை போயிற்று, ஒரே ஒருவருக்கு. உங்களுக்கு அது தெரிந்திருக்கிறது என்றால், அவர் பென்சிலில் எழுதியதை நீங்கள் படித்திருக்க வேண்டும்.

எனக்காக உங்கள் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வேண்டாம் அண்ணி. பதினொரு நிமிடமும் அவர் உயிரோடு, கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நீங்கள் அந்த மௌனத்தைச் சரியாகத்தான் படித்தீர்கள். அதை நீங்களே பொய்யாக்காதீர்கள்.

தாளை அனுப்புங்கள். நான் சொன்னதை அவர் கையெழுத்தில் நான் படித்தே ஆக வேண்டும்.

சிட்டு


ஏப்ரல் 26

சிட்டுவுக்கு,

என் ஆயுசில் நோட்டில் தப்பாக ஒரு வரி எழுதியதில்லை. உனக்கு எழுதிய கடிதத்தில் எழுதிவிட்டேன். அதற்கு ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. உன்னிடமும் கேட்கிறேன்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நிறைய இருக்கிறது. காவல்காரி இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருக்கிறாள். செத்தவன் மாதிரி என்பது கீழே இருக்கிறது. அந்த இடத்தில்கூட எழுத்து நடுங்கவில்லை, பார். லேத்தில் அளவு குறிப்பதுபோல நேராக எழுதியிருக்கிறார். அது முடிந்ததும் எப்போதும் போல ஒரு கோடு போட்டிருக்கிறார்.

நான் பொய் சொன்னதற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை. கோட்டுக்குக் கீழே பார்.

‘சரி. வரேன். அண்ணிகிட்ட சொல்லு.’

இந்தத் தாளை நான் முதலில் படித்தது காரியமெல்லாம் முடிந்த மறுநாள். எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன். திட்டினாள், பிறகு மனம் இளகிச் சரி, வரேன் என்று சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். அவர் கேட்டதை மட்டும்தானே எழுதுவார், சொந்தமாக ஒரு சொல் சேர்க்கமாட்டார். வரேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, அவர் போனதும் வராமல் இருந்துவிட்டாளே என்று பதினாலு மாதம் உன்னை மனதுக்குள் திட்டினேன். திட்டியதை மறைக்கவில்லை, கும்பிடும்போதுகூடத் திட்டினேன். நான் உன்னைக் கூப்பிட்டதில் அந்த ஆத்திரமும் இருந்தது.

பிறகு உன் கடிதம் வந்தது. முடியாது என்று சொன்னேன், கூப்பிடாதே என்றேன், அணைத்தேன் என்று எழுதியிருந்தாய். உடனே தாளை எடுத்துக் கோட்டுக்குக் கீழே இருப்பதை மறுபடி படித்தேன். நீ அணைத்த பிறகு அவர் யார் தட்டியதைக் கேட்டு இதை எழுதினார்?

கடைசி எழுத்தைப் பார். அதிலிருந்து பென்சில் கோடு ஒன்று கிளம்பித் தாளின் ஓரம் வரை இறங்கிப் போகிறது. மேஜை மேலும் கொஞ்சம் இருந்தது. அதை நான் துடைத்துவிட்டேன். துடைத்திருக்கக் கூடாது.

அண்ணிகிட்ட சொல்லு என்று எழுதியிருக்கிறார். என்னிடம் சொல்வதற்காக எழுந்திருக்கப் பார்த்தாரோ என்னவோ. நான் சுவருக்கு இந்தப் பக்கம், கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்பிக்கொண்டு நின்றிருந்தேன். பதினொரு நிமிடத்துக்கு எனக்கு விடுதலை கிடைத்தது, சரி. மீதி நேரம் என்னோடுதான் இருக்கும். அதற்கு உன்னால் ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம்.

எனக்கு ஒன்று மட்டும் சொல். உண்மையாகச் சொல். அதை நீ அனுப்பினாயா?

உன் அண்ணி


மே 3

அண்ணி,

தாள் வந்தது. கடிதத்தை அன்றே படித்தேன், தாளை மட்டும் நான்கு நாள் பையிலேயே வைத்திருந்து நேற்றுத்தான் பிரித்தேன்.

நான் அனுப்பவில்லை. 2.25க்கு அணைத்தேன். கூண்டில் ஒரு கிழவர் காத்திருந்தார், 2.27க்கு அவருடைய பரிசோதனைத் தாளில் என் கையெழுத்து இருக்கிறது. அந்த அலைவரிசையில் வேறு யாராவது அனுப்பியிருக்கலாமோ என்று தெரிந்தவர்களிடமெல்லாம் அன்றைய பதிவேட்டைக் கேட்டுப் பார்த்தேன். யாருமில்லை. தமிழில் தட்டுவதற்கு அங்கே எங்கள் இரண்டு பேரைத் தவிர எப்போதும் யாரும் இருந்ததில்லை. வெறும் இரைச்சலில் எழுத்து கேட்பதுபோல இருப்பது எங்கள் எல்லாருக்கும் நடக்கும், ஒன்றிரண்டு எழுத்து. மூன்று வாக்கியம் யாருக்கும் கேட்டதில்லை. எனக்கு விளக்கம் தெரியவில்லை. இதற்கு மேல் தேடவும் மாட்டேன்.

நான் சொன்ன எல்லாவற்றையும் அவர் கேட்டிருக்கிறார். இனி அதை இல்லையென்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. கேட்டுவிட்டும் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. நான் அணைத்த பிறகும் அவர் காதை எடுக்கவில்லை. அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன், தாளில் பள்ளம் விழும் அளவு அழுத்தி எழுதியிருக்கிறார்.

சங்கத்தில் இரண்டு பேர் உங்கள் அழைப்பைக் கேட்டிருக்கிறார்கள். குறியை யாரோ திருடிவிட்டதாகப் பேச்சு வந்தது. எங்கள் வீட்டு ஆள்தான், நானே நேரில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நேரில் என்று எழுதிவிட்டேன். எத்தனை நாள் தங்குவேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் முதல் நாளே கத்தினாலும் கத்துங்கள், பெட்டியைத் தூக்கமாட்டேன்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்குத் துண்டை விலக்கி உட்கார்ந்துவிடாதீர்கள். அன்றைக்கு என் பக்கம் யாரும் இருக்கமாட்டார்கள். நான் பஸ்ஸில் இருப்பேன்.

சிட்டு